என் வண்டியில் யாரும் லிஃப்ட் கேட்பதில்லை!

சிலருக்கு ஸ்டாம்ப் சேர்ப்பது பொழுதுபோக்கு. சிலருக்கு மீன் தொட்டி. எனக்குத் தெரிந்த பேங்க் ஆபீசர் ஒருவர் முப்பது வருஷமாக பஸ் டிக்கெட் சேர்க்கிறார். வீட்டில் 'நம்ம தலையெழுத்து' என்று விட்டுவிட்டார்கள். ஆனால் என் பொழுதுபோக்கைச் சொன்னால் மட்டும் எதிரில் உட்கார்ந்திருப்பவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிடுகிறார். "அடடா, ஒரு வேலை இருக்கே..." என்று எழுந்துவிடுகிறார்.

விஷயம் பெரிசா ஒண்ணுமில்லை சார். நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து ஒரு பழைய சவ வண்டி வைத்திருக்கிறோம். அவ்வளவுதான்.

கௌரவமாகச் சொன்னால் அமரர் ஊர்தி. பெயிண்ட்டர் பாஷையில் சொர்க்க ரதம். எங்கள் தெருப் பையன்கள் வைத்திருக்கும் பெயர் 'கடைசி பஸ்'. 1994 மாடல் மெட்டாடர் வேன். கோட்டைப்பட்டினத்தில், ஈ.சி.ஆர். ரோட்டிலிருந்து கடல் பக்கமாகத் திரும்பும் ஒரு சந்தில், கீற்றுக் கொட்டகை போட்டு நிறுத்தியிருக்கிறோம்.

இதில் உள்ள சௌகரியங்கள் மற்ற வண்டிக்காரர்களுக்குத் தெரியாது. யாரும் லிஃப்ட் கேட்க மாட்டார்கள். "ஒரு நாளைக்குக் குடுங்க, மச்சான் கல்யாணம்" என்று இரவல் கேட்க மாட்டார்கள். எங்கே நிறுத்தினாலும் ஆணியால் கீறிப் பெயர் எழுத மாட்டார்கள். தேசிய நெடுஞ்சாலை டோல்கேட்டில் சவ ஊர்திக்குக் கட்டணம் கிடையாது. பின்னால் ஒருத்தனும் ஹாரன் அடித்து அவசரப்படுத்த மாட்டான். மோட்டார் உலகத்தில் இந்த மரியாதை மந்திரி காருக்கும் என் வண்டிக்கும்தான். மந்திரிக்கு ஐந்து வருஷம், எனக்கு நிரந்தரம்.

நான் மட்டும் இல்லை!

'இது என்னய்யா விபரீத ஆசை?' என்று முகம் சுளிக்காதீர்கள். அமெரிக்காவில் இதற்கு சங்கமே இருக்கிறது. சவ ஊர்தி, ஆம்புலன்ஸ், நீளக் கார் இவற்றையெல்லாம் சேகரித்துப் பாதுகாக்கிறவர்கள் 1976-ல் 'புரொஃபெஷனல் கார் சொசைட்டி' என்று ஆரம்பித்தார்கள். கண்காட்சி நடத்துகிறார்கள். வண்டிகளைத் துடைத்து வரிசையாக நிறுத்தி, பரிசு கொடுக்கிறார்கள்.

பாடகர் நீல் யங் தெரியுமோ? பிரபலமாவதற்கு முன்னால் இசைக் கருவிகளை ஏற்றிக்கொண்டு சுற்றியது சவ வண்டியில்தான். 1966-ல் லாஸ் ஏஞ்சலஸ் டிராஃபிக்கில் அவருடைய 1953 மாடல் போன்டியாக் சவ வண்டியைப் பார்த்துத்தான் பழைய நண்பர் ஸ்டீஃபன் ஸ்டில்ஸ் அவரை அடையாளம் கண்டுபிடித்தார். அந்தச் சந்திப்பில் பிறந்தது 'பஃபலோ ஸ்ப்ரிங்ஃபீல்ட்' என்ற புகழ்பெற்ற இசைக் குழு. சாதாரண காரில் போயிருந்தால் யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்?

அங்கே இந்த வண்டிகளை விரும்பி வாங்க ஒரு கணக்கும் இருக்கிறது. சவ வண்டி வேகமாக ஓடியிருக்காது. ஷெட்டுக்குள்ளேயே நின்றிருக்கும். தினமும் யாராவது துடைத்திருப்பார்கள். ஈமச் சடங்கு கம்பெனிக்காரர்கள் பழசானதும் மலிவாகத் தள்ளிவிடுவார்கள். 'ஒரே ஓனர், ஃபேமிலி யூஸ்' என்று நம்ம ஊர் புரோக்கர்கள் அடித்துவிடுகிற வசனம் அங்கே இந்த ஒரு வண்டிக்கு ஏறக்குறைய நிஜம்.

1985-ல் காடிலாக் கம்பெனி தன் டிவில் காரை முன்சக்கர இயக்கத்துக்கு மாற்றியது. அதை வெட்டி, நீட்டி, பின்னால் கண்ணாடி வைத்து சவ ஊர்தியாக்கினார்கள். பழைய பின்சக்கர வண்டிப் பிரியர்களுக்கு இது ஆகவில்லை. 'இதுவும் ஒரு காடிலாக்கா?' என்று மூக்கைச் சிந்தினார்கள். அந்தக் காலத்து 4.1 லிட்டர் இன்ஜின் கூலன்ட் ஒழுகலுக்குப் பேர் போனது வேறு. இருந்தும் அதைத் தேடிப் பிடித்து வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். இன்ஜின் சாமான் சாதாரண டிவில் காரிலிருந்தே கிடைக்கும். பின் கதவோ பக்கக் கண்ணாடியோ உடைந்தால்தான் தேடி அலைய வேண்டும்.

எங்கள் கதை இதற்கு நேர் எதிர். அதைச் சொல்ல, முன்சக்கரம் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிட வேண்டும்.

மாட்டு வண்டியும் தள்ளு வண்டியும்

வண்டியில் இரண்டு ஜாதி. மாட்டு வண்டி, தள்ளு வண்டி. மாடு முன்னால் நின்று இழுக்கிறது. தள்ளு வண்டியைப் பின்னால் நின்று தள்ளுகிறோம். அம்பாசடர், பத்மினி எல்லாம் தள்ளு வண்டி ஜாதி. இன்ஜின் முன்னால், இயங்குகிற சக்கரம் பின்னால். நடுவில் ஒரு நீளத் தண்டு, புரொப்பெல்லர் ஷாஃப்ட், சக்தியைக் கொண்டுபோய்க் கொடுக்கும். முன்சக்கர இயக்கம் மாட்டு வண்டி ஜாதி. எல்லா யந்திரமும் முன்னாலேயே. பின்சக்கரம் சும்மா கூட வரும். பிரான்சில் சித்ரோன் 1934-ல் இப்படி ஒரு காரைப் பெருமளவில் விற்றுக் காட்டியது. நம் நாட்டில் இதை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது 1983 டிசம்பரில் வந்த மாருதி 800. உங்கள் அப்பா ஓட்டியது இந்த ஜாதிதான்.

ஆனால் மாருதிக்கு முன்பே நம் ரோட்டில் ஒரு முன்சக்கர வேன் ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் பஜாஜ் டெம்போ மெட்டாடர்! பால் வண்டி, ஸ்கூல் வேன், ஆம்புலன்ஸ், கச்சேரி கோஷ்டி என்று அது ஏற்றாத சுமை இல்லை. பூர்வீகம் ஜெர்மனி. ஹாம்பர்க் நகரத்தின் ஹார்பர்க் பகுதியில் இருந்த டெம்போ தொழிற்சாலைதான் 'மெட்டாடர்' என்று பெயர் வைத்தது. ஃபிரோடியா குடும்பத்தினர் 1958-ல் தொடங்கிய பஜாஜ் டெம்போ, முதலில் அதே ஜெர்மன்காரர்களின் மூன்று சக்கர வண்டியைச் செய்தது, பிறகு மெட்டாடர். பின்னாளில் அதற்கு மெர்சிடீஸ் வழி வந்த 2.4 லிட்டர் டீசல் இன்ஜினும் கிடைத்தது. 2000-வாக்கில் மெட்டாடர் நின்றது. 2005-ல் கம்பெனியும் 'ஃபோர்ஸ் மோட்டார்ஸ்' என்று பெயரை மாற்றிக்கொண்டது.

சரி, சவ வண்டிக்கும் முன்சக்கரத்துக்கும் என்ன சம்பந்தம்?

இங்கேதான் விஷயம். புரொப்பெல்லர் ஷாஃப்டும் இல்லை, பின்னால் கிரவுன் பெட்டியும் இல்லை என்பதால், வேனின் தளத்தைத் தாழ்வாக வைக்கலாம். பிரான்சில் சித்ரோன் கம்பெனி 1947 முதல் 1981 வரை செய்த எச் ரக வேனின் புகழே இந்தத் தாழ்ந்த தளம்தான். தக்காளிக் கூடை ஏற்றுகிறவனுக்கு இது சௌகரியம். சடலம் ஏற்றுகிறவர்களுக்கு? சௌகரியம் என்ற வார்த்தை போதாது. நாலு பேர் தூக்கி வருகிறார்கள். அழுது சோர்ந்த கைகள். ஒருவர் உயரம், ஒருவர் குட்டை. லாரி உயரத் தளம் என்றால் தலைக்கு மேல் தூக்கி, "பிடி... பிடி... சாய்க்காதே" என்று கத்த வேண்டும். தாழ்ந்த தளம் என்றால் இடுப்பளவில் வைத்துத் தள்ளிவிடலாம். ஒரு சத்தம் இருக்காது.

இன்னொன்று, இரைச்சல். மெட்டாடரில் இன்ஜின் டிரைவருக்குப் பக்கத்தில், மூடி போட்டு உட்கார்ந்திருக்கும். முன் சீட்டில் இருப்பவனுக்கு ஒரு பக்கக் காது போய்விடும், கால் வெந்துவிடும். ஆனால் பின்னால் சுழல்கிற யந்திரம் எதுவும் இல்லை. சூடும் சத்தமும் டிரைவருக்கு, அமைதி பின்னால் இருப்பவர்களுக்கு. சவ வண்டிக்கு இதைவிட நியாயமான பங்கீடு எனக்குத் தெரியவில்லை.

உப்புக் காற்றில் ஒரு இரும்புப் பெட்டி

கோட்டைப்பட்டினம் புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோரம். முஸ்லிம்கள் நிறைந்த ஊர். ராவுத்தர் அப்பா தர்கா, விசைப்படகுத் துறைமுகம், கருவாட்டு வாசனை. இங்கே மையத்தை சந்தூக்கில் வைத்துத் தோளில்தான் கபர்ஸ்தானுக்குக் கொண்டுபோவார்கள். தோள் கொடுக்கத் தெருவே வரும், மாற்றி மாற்றி. மீனவத் தெருக்களிலும் அப்படியே. ஆள் பஞ்சம் கிடையாது. ஊருக்குள் செத்தவருக்கு வண்டியே தேவையில்லை.

பிரச்னை, வெளியூரில் உயிர் போனால். இந்தக் கரையோரத்தில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பாத தெரு அபூர்வம். துபாய், குவைத், சவூதி, சிங்கப்பூர், மலேசியா. போனவர்கள் பெரும்பாலும் பெட்டி நிறைய சாமானோடு வருகிறார்கள். சில பேர் பெட்டிக்குள்ளேயே வருகிறார்கள். அது திருச்சி ஏர்போர்ட்டில் பயணிகள் வாசல் வழியாக வராது. கார்கோ பக்கமாக வரும்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு தர்ம ஸ்தாபனம் தங்களிடம் இருந்த பழைய மெட்டாடரைக் கழித்துக் கட்டியபோது நாங்கள் மூன்று பேரும் போனோம். நான் பி.காம்., கணக்கு. இரண்டாமவர் பள்ளிக்கூட வாத்தியார். மூன்றாமவர் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக் பாய். வாத்தியார் பெயிண்ட்டைப் பார்த்தார். நான் விலையைப் பார்த்தேன். பாய் மட்டும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டார்.

பத்து நிமிஷம் கழித்து வெளியே வந்து, "தம்பி, இன்ஜின் நம்மள விட வயசு கம்மி. வாங்கிருவோம்" என்றார்.

வாங்கினோம். அதற்கப்புறம்தான் தெரிந்தது, சவ வண்டியை உயிரோடு வைத்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று!

முதல் எதிரி காற்று. கடல் காற்றில் இருக்கும் உப்பு, கதவு இடுக்கு, சேஸிஸ் மடிப்பு என்று தேடிப் போய் உட்காரும். அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அப்புறம் துரு சொந்தமாகக் குடித்தனம் நடத்தும். ஆகவே வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவுகிறோம். காய்ந்த பிறகு சேஸிஸ் மடிப்புகளில் கிரீஸ் பூச்சு.

இரண்டாவது எதிரி மணல். முன்சக்கர வண்டியில் ஒரே சக்கரம்தான் இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். அதற்காக இரண்டு பக்கமும் மடங்கிக்கொண்டே சுழல்கிற ஜாயின்ட் உண்டு. அதன் மேல் ரப்பர் உறை. உறை கிழிந்தால் உள்ளே மணல் போகும். மணலும் கிரீஸும் சேர்ந்தால் அம்மிக்கல். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது 'டக்... டக்... டக்' என்று கேட்டால் ஜாயின்ட் புறப்படத் தயார் என்று அர்த்தம்.

இன்ஜின் சாமானுக்குக் கவலையில்லை. அதே இன்ஜின் வம்சம் டிராக்ஸ், டிராவலர் வண்டிகளிலும் ஓடியது. ஆனால் முன் ஆக்ஸில் சாமான் குதிரைக்கொம்பு. மதுரை, திருச்சி காயலான் கடைகளில் அலைந்து ஒரு ஜோடி ஜாயின்ட் கொண்டுவந்தோம். சின்னச் சின்ன புஷ்களை லேத் பட்டறையில் கடைந்துகொள்கிறோம். அமெரிக்கக்காரனுக்குக் கதவு கிடைக்காது, ஜாயின்ட் கிடைக்கும். நமக்குக் கதவை எந்தப் பட்டறையிலும் தட்டிக் கொடுப்பார்கள், ஜாயின்ட்தான் கிடைக்காது!

மூன்றாவது எதிரி, சும்மா நிற்பது. ஓடுகிற வண்டியை விட நிற்கிற வண்டி சீக்கிரம் கெடும். பேட்டரி இறங்கும். டயர் ஒரே இடத்தில் அமுங்கிச் சப்பையாகும். அதனால் ஒவ்வொரு ஞாயிறு காலையிலும் ஸ்டார்ட் செய்து மணமேல்குடி வரை ஒரு நடை. டீ குடித்துவிட்டுத் திரும்பி வருவோம். எதிரில் வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிக் கும்பிடுகிறார்கள். பின்னால் காலி என்று எப்படிச் சொல்வது? நாங்களும் துக்க முகத்தோடு தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுகிறோம்.

பெரிய வேலையெல்லாம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மீன்பிடித் தடைக் காலம், 61 நாள். விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஓனர்கள் படகை மராமத்து பார்ப்பார்கள். பாய் தன் படகு வேலைகளுக்கு நடுவில் எங்கள் மெட்டாடரையும் பிரித்துப் போட்டுவிடுவார். கம்ப்ரஷன், நாசில், கிளட்ச், பிரேக். "படகு நடுக்கடல்ல நின்னா இன்னொரு படகு கயிறு போட்டு இழுத்துட்டு வந்துரும் தம்பி. இது நடுரோட்டுல நின்னா என்ன பண்ணுவே?" என்பார்.

இந்தக் கேள்விக்குள்தான் எங்கள் பொழுதுபோக்கு முழுவதும் இருக்கிறது. மற்ற பழைய கார்க்காரர்களுக்கு வண்டி நின்றால் அது ஒரு கதை. அடுத்த கூட்டத்தில் சொல்லிச் சிரிக்கலாம். எங்கள் வண்டி ஓடும் போது ஒரே ஒரு தடவை நிற்கக் கூடாத இடத்தில் நின்றாலும், அந்த வீட்டில் அதை யாரும் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள்.

மாப்பிள்ளைக்குச் சொந்த வண்டி உண்டா?

எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா சர்க்கார் உத்தியோகம், எல்லாவற்றிலும் தீர விசாரிக்கிறவர்.

"மாப்பிள்ளைக்குச் சொந்தமா வண்டி இருக்கோ?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"இருக்குங்க. பெரிய வண்டி. ஏ.சி. கிடையாது."

"எத்தனை பேர் போகலாம்?"

"எட்டு பேர் உட்காரலாம்" என்றாள் அம்மா. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "ஒருத்தர் படுத்துக்கலாம்" என்றும் சேர்த்துவிட்டாள்.

அந்த வரன் தட்டிப்போயிற்று. அடுத்த வருஷம் வந்த வரனில் பெண்ணே கேட்டாள், "இதுக்கு வாடகை வாங்குவீங்களா?" இல்லை, டீசல் மட்டும்தான், அதுவும் கொடுத்தால்தான் என்றேன். "அப்ப சரி" என்றாள். எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷமாகிறது. இன்று வரை அந்த வண்டியில் ஏறியதில்லை. "அவசரமில்லைங்க" என்கிறாள்.

ஒரு ஆகஸ்ட் ராத்திரி

2019 ஆகஸ்ட். சவூதியில் வேலை பார்த்த எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் மாரடைப்பில் போய்விட்டான். இருபத்தெட்டு வயசு. அங்கே மரணச் சான்றிதழ், உடலைப் பதப்படுத்திய சான்றிதழ், இந்தியத் தூதரகத்தின் தடையில்லாச் சான்று, ரத்து செய்த பாஸ்போர்ட் என்று காகிதங்கள் சேர்வதற்கே நாள் கணக்கில் ஆகும். அதெல்லாம் முடிந்து, திருச்சிக்கு உடல் வருகிறது என்று தகவல் வந்தது. அவன் அத்தா எங்கள் கொட்டகை வாசலில் வந்து நின்றார். ஒன்றும் பேசவில்லை. பாய் சாவியை எடுத்துக்கொண்டார்.

வெளிநாட்டிலிருந்து வருகிற பெட்டி சாதாரணப் பெட்டி அல்ல. கெட்டி மரம், உள்ளே தகரம், கனம் அதிகம், நீளமும் அதிகம். கார்கோவில் ஆட்கள் ட்ராலியில் தள்ளி வந்தார்கள். எங்கள் வண்டித் தளம் ட்ராலியை விடக் கொஞ்சம்தான் உயரம். தூக்கவே வேண்டியிருக்கவில்லை. சரிந்து உள்ளே போய்விட்டது.

பாய் ஓட்டினார். நான் பின்னால், அவருக்குத் துணையாக. புதுக்கோட்டை தாண்டியதும் பாய் கொஞ்சம் வேகம் எடுத்தார். பெரியவர் கண்ணாடியைத் தட்டினார்.

"மெல்லமாவே போங்க தம்பி. புள்ள ஊருக்கு வந்து நாலு வருஷமாச்சு."

அப்புறம் அவர் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஊராகச் சொல்ல ஆரம்பித்தார். "அறந்தாங்கி வந்துருச்சுடா." அரை மணி கழித்து, "கட்டுமாவடி." பிறகு, "மணமேல்குடி." சாதாரணக் குரலில், பஸ்ஸில் தூங்குகிறவனுக்குச் சொல்வது மாதிரி. பின்னால் வேறு சத்தமே இல்லை. ஒரு வார்த்தை விடாமல் எனக்குக் கேட்டது.

கட்டுமாவடியில் ஈ.சி.ஆருக்குத் திரும்பும்போது முன்னாலிருந்து 'டக்... டக்' கேட்டது. பாய் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் பெரியவரைப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் பாய் ஒவ்வொரு வளைவையும் அகலமாக எடுத்து, ஸ்டியரிங்கை ஒடிக்காமல், பூவைத் தொடுகிற மாதிரி ஓட்டினார். வீடு வந்து சேர்ந்தோம்.

வாசலில் இறக்கும்போது நாலைந்து இளைஞர்கள் ஓடி வந்தார்கள். பெரியவர் விலகவில்லை. தானும் ஒரு மூலையைப் பிடித்தார். தளம் இடுப்பளவு. அவர் கைக்கு எட்டியது. லாரி உயரமாக இருந்திருந்தால் அவரை ஒதுங்கி நிற்கச் சொல்லியிருப்பார்கள்.

முன்சக்கர இயக்கத்தின் நன்மைகள் என்று புத்தகத்தில் நாலு பாயின்ட் போட்டிருப்பார்கள். ஐந்தாவது பாயின்ட் இது.

வண்டியின் வேலை வாசலோடு முடிந்தது. ஜனாஸா தொழுகைக்கப்புறம் தோள்கள் பார்த்துக்கொண்டன. நாங்கள் கொட்டகைக்கு வந்து, விடிகிற வரை ஜாயின்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தோம்.

சட்டம் என்ன சொல்லுது?

பி.காம். படித்தவன் சட்டத்தைப் புரட்டாமல் இருப்பானா? புரட்டினேன். சவ வண்டியிடம் சட்டம் ஆச்சரியப்படத்தக்க மரியாதையோடு நடந்துகொள்கிறது. 1988-ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டம், 66-ம் பிரிவு: சடலத்தையும் அதனுடன் செல்லும் துக்கக்காரர்களையும் மட்டுமே ஏற்றுகிற வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை. துக்கக்காரர்களையும் மறக்காமல் எழுதியிருக்கிறார்கள் பாருங்கள்! 2017 ஜி.எஸ்.டி. சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி, அடக்கம், தகனம், இறந்தவரை எடுத்துச் செல்வது ஆகியவை வரி வலைக்குள்ளேயே வராது. பிஸ்கட்டுக்கு வரி உண்டு. கடைசிப் பயணத்துக்குக் கிடையாது.

ஆனால் வயசு ஏறினால் அந்த மரியாதை நிற்காது. 15 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கான கட்டணங்களை 2022 ஏப்ரல் முதல் ஏற்றினார்கள். சொந்தக் காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாய் இருந்தது 5,000 ஆயிற்று. எங்களைப் போன்ற போக்குவரத்து ரக வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி.; அந்தக் கட்டணமும் பல மடங்கு.

'பாரம்பரிய வண்டி' என்று சலுகை கேட்கலாமே என்பீர்கள். 2021 ஜூலையில் அதற்கும் விதி வந்தது. ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிக்கு நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்று தனி எழுத்து. ஆனால் சொந்த உபயோக வண்டிகளுக்கு மட்டும்தான். சவ வண்டியை ஒருவர் சொந்த உபயோகத்துக்கு ஒரே ஒரு தடவைதான் பயன்படுத்த முடியும் என்பதை விதி எழுதியவர்கள் யோசிக்கவில்லை. எப்படியும் எங்கள் வண்டிக்கு ஐம்பது நிறைவது 2044-ல்.

போன தடவை எஃப்.சி. வந்தபோது மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். காயலான் கடைக்காரர் எடைக்கு ஒரு விலை சொல்லியிருந்தார். வாத்தியார் ஞாயமாகத்தான் கேட்டார்: "சர்க்கார் ஆஸ்பத்திரியில் இறந்தால் இலவச அமரர் ஊர்தி வருது. 155377-க்கு போன் பண்ணினா போதும். புது வண்டி. நாம எதுக்கு இந்தக் கிழத்தை வெச்சுக்கிட்டு மாரடிக்கணும்?"

கணக்குப்படி அவர் சொல்வது சரி. நான் பேரேட்டைத் திறந்து பார்த்தேன். போன வருஷம் ஓடிய நடைகள் ஒன்பது. தனியார் ஆஸ்பத்திரி, ஏர்போர்ட், ரயில்வே ஸ்டேஷன். அந்த இலவச எண் எட்டாத இடங்கள். டீசல், டயர், எஃப்.சி., இன்ஷூரன்ஸ் செலவை ஒன்பது நடையால் வகுத்தால் வருகிற தொகைக்கு டாக்ஸி வைத்துக் கொடுத்துவிடலாம்.

காலேஜில் தேய்மானம் போடக் கற்றுக் கொடுத்தார்கள். நேர்கோட்டு முறையில் போட்டால் ஒரு நாள் சொத்தின் மதிப்பு பூஜ்யமாகிவிடும். குறைந்து செல் மதிப்பு முறையில் போட்டால், வருஷா வருஷம் குறையும். ஆனால் எத்தனை வருஷமானாலும் பூஜ்யம் மட்டும் ஆகாது. எங்கள் பேரேட்டில் மெட்டாடருக்கு நான் இரண்டாவது முறையைத்தான் போட்டு வைத்திருக்கிறேன்.

பாய் இந்த விவாதத்தில் வாயே திறக்கவில்லை. கடைசியில் எழுந்து, "அந்த ஒன்பது வீட்டுல கேட்டுப் பாருங்க வாத்தியாரே" என்றார். வாத்தியார் எஃப்.சி. பணத்தில் தன் பங்கை எண்ணி வைத்தார்.

நீங்களும் வாங்கப் போகிறீர்களா?

படித்துவிட்டு யாருக்காவது ஆசை வந்திருந்தால், சில யோசனைகள். பெயிண்ட்டைப் பார்க்காதீர்கள், அடியில் படுத்து சேஸிஸைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் வாங்கலாம், பொத் என்றால் ஓடி வந்துவிடலாம். ஆர்.சி.யில் வண்டியின் வகை என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். முன்சக்கர வண்டி என்றால் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து ஓட்டிக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். மணலில் சிக்கினால் ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீர்கள். சக்கரம் குழி தோண்டும். பின்னால் இருப்பவர்களில் இரண்டு பேரை முன் சீட்டுக்கு வரச் சொல்லுங்கள், சக்கரத்துக்குப் பிடிப்பு கிடைக்கும்.

முக்கியமாக, நல்ல மெக்கானிக் கிடைத்த பிறகுதான் வண்டி வாங்க வேண்டும். வரன் பார்ப்பதற்கு முன்பே இதையெல்லாம் முடித்துவிடுவது உத்தமம்.

வருகிற ஞாயிறு காலை எங்கள் மெட்டாடர் வழக்கம்போல மணமேல்குடிக்குப் போகும். எதிரில் நீங்கள் பைக்கில் வந்தால், பயப்பட வேண்டாம், செருப்பைக் கழற்ற வேண்டாம். பின்னால் யாரும் இல்லை. டீ குடிக்கத்தான் போகிறோம்.